பிறை மேல் போட்ட பழி

மகனே,

நீ அனுப்பிய துணித்துண்டு புதன்கிழமை தபாலில் வந்தது. கூடவே வந்த உன் கடிதத்தை உன் அப்பாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டினேன். பிறகு எனக்காக நான் தனியாகப் பலமுறை படித்தேன். பம்பாய் ஆலையில் பஞ்சு பிரிக்கும் கூடத்துக்கு உன்னையே பொறுப்பாக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். பாவு இல்லாமல், ஊடு இல்லாமல், தறியே இல்லாமல் அங்கே துணி ஆறு போல ஓடி வருகிறது என்றும், சட்டைக் காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணி, செருப்புக்குள் ஒட்டுகிற துணி, டாக்டர்கள் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுகிற துணி எல்லாம் அதிலிருந்துதான் என்றும் எழுதியிருந்தாய். "அப்பா நினைத்தது சரிதான் அம்மா, இதை அவர் கையில் கொடு" என்றாய். கொடுத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். கடிதத்தின் அடியில், தாளில் இடம் மிச்சமிருக்கிறதே என்று எழுதியது போல ஒரு வரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெம்பாக இருப்பதாகவும், திங்கட்கிழமை வேலை முடிகிற நேரத்தில் மட்டும் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவது போல் இருப்பதாகவும், கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றும். நான் இப்போது எழுதுவது முழுக்க அந்த ஒரு வரிக்குப் பதில்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். ஆனால் பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுத எனக்கு வரும். பள்ளியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியது அதற்காகத்தான். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்கியது இது. தென்காசியில் தெற்கு ரத வீதியை ஒட்டிய சந்தில் நம் மெத்தைக் கடை. வருடம் முழுக்க இலவம்பஞ்சு அடித்து மெத்தையும் தலையணையும் தைப்பது, குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அங்கே வீடு எடுத்துத் தங்குகிறவர்களுக்கு மெத்தைகளை வாடகைக்கு விடுவது, இதுதான் பிழைப்பு. ஓர் ஆனிச் சாரலில் கடைத்தரை முழுக்க ஈரம். அடித்த பஞ்சின் தூசு அதில் படிந்து, போகிற வருகிற கால்களில் மிதிபட்டு, மறுநாள் காய்ந்து கிடந்தது. பெருக்கப் போனேன். விளக்குமாற்றுக்கு அது கலையவில்லை. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். கல்லிலிருந்து தோசை எடுப்பது போல ஒரே தகடாக வந்தது. உன் அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏட்டி, இத யாரு நெய்தது?"

"நீங்கதான் மிதிச்சீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மிதிச்சே துணி வருதுன்னா தறி எதுக்கு?" என்றார். அன்று மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

அவர் கேட்டதற்கெல்லாம் நான் நூலகத்துக்கு ஓடினேன். அங்கே பெண்களுக்கென்று ஒரு மூலைப் பெஞ்சு உண்டு. உன்னை மடியில் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்து அறிவியல் புத்தகங்களைப் படித்தேன். செம்மறி ஆட்டு மயிரைக் கண்ணாடி வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் மேலே மீனுக்கு இருப்பது போலச் சின்னச் செதில்கள் இருக்குமாம். வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்தால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு பிறகு பிரியாதாம். குளிர்நாட்டுக்காரர்கள் அப்படித்தான் நெய்யாமலே தொப்பியும் கூடாரமும் செய்கிறார்கள். பஞ்சுக்கு அந்தச் செதில் கிடையாது. இதை வந்து சொன்னதும், "அப்ப அத நாமதான் ஒட்டணும்" என்றார். பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவள் போல அன்று வீட்டுக்குள் நடந்தேன். படித்த படிப்பு ஒருவருக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

முதலில் புளியங்கொட்டைக் கூழ். கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்துக் காய்ச்சி, மெல்லிய பஞ்சுப் படலத்தின் மேல் தெளித்து, பலகை வைத்து அழுத்தினார். பங்குனி வெயிலில் அது அப்பளம் போல மொடமொடவென்று நின்றது. ஆனிச் சாரலில் பூசணம் பிடித்து, தொட்டால் கஞ்சியாகக் கரைந்தது. மறு வருடமும் அப்படியே. பிறகு, செங்கோட்டை நம் மாநிலத்தோடு சேர்ந்ததற்கு அடுத்த சீசனில், ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த மத்தாயி மெத்தை வாங்கக் கடைக்கு வந்தார். கஞ்சியாகிக் கிடந்த தகட்டை விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, புளியெல்லாம் கறிக்குக் கொள்ளாம். இதுல ரப்பர்பால ஊத்தி நோக்குங்க, தண்ணி தொடாது கேட்டோ" என்றார். அடுத்த நடையில் ஒரு தகரம் நிறையக் கொண்டும் வந்தார். மூக்கைப் பிடிக்கிற நெடி. நீர் கலந்து, சின்னக் கண் சல்லடையால் தூவினார். மில் கழிவுப் பஞ்சையும் இலவம்பஞ்சோடு கலந்தார். இலவம்பஞ்சு மட்டும் என்றால் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது, கழிவுப் பஞ்சு பிடித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தது அவரேதான். தகடு வந்தது. மடக்கினால் உடையவில்லை, நனைத்தால் கரையவில்லை.

ஆனால் அடித்த பஞ்சு, தகடு விரிக்கிற மூங்கில் தட்டியின் மேல் பனி விழுவது போல ஒரே சீராக விழ வேண்டும். நம்மூர்க் காற்று உனக்குத் தெரியும். ஆனி ஆடியில் கணவாய் வழியாக இறங்கி வந்து துவைத்துப் போட்ட சேலையைக் கொடியோடு தூக்கும். ஒரு சன்னல் திறந்திருந்தால் போதும், அரை நாள் வேலை கூரைக்குப் போய்விடும். அதனால் உன் அப்பா கடையின் பின்னறைச் சன்னல்களை அடைத்தார். இடுக்குகளில் சாக்கைத் திணித்தார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பஞ்சு பறக்கிற வில்லை அடித்தார். ஊர் முழுக்க அந்தக் காற்றுக்காகத்தான் சித்திரை வைகாசியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டும். அவர் ஒருவருக்குத்தான் அது பகையாளி. வெளியே வரும்போது புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். "அப்பா கெழவனாயிட்டாரு" என்று நீ கைதட்டுவாய். அவரும் முதுகை வளைத்து, கம்பு ஊன்றி நடப்பது போல நடந்து காட்டுவார்.

குற்றாலத்துத் துண்டு உனக்கே நினைவிருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ அன்று பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு. சாரலில் வெளியூர்க்காரர்களின் துண்டு ஒருபோதும் காய்வதில்லை. ஈர மூட்டையாகவே ரயிலேறுகிறார்கள். துவட்டிவிட்டுத் தூக்கி எறிகிற துண்டு இருந்தால் வாங்குவார்கள் என்று உன் அப்பா நினைத்தார். மெல்லிய தகடாகச் செய்து, அருவிக்கு அடியில் தானே பிடித்துக்கொண்டு நின்றார், முறுக்கிப் பிழிந்தார், பாறையில் அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு பெஞ்சு போட்டு விற்கத் தொடங்கினோம். முதல் நாள் காலையிலேயே தூத்துக்குடிக்காரர் ஒருவர் குடும்பத்துக்கே வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். மார்பு, முதுகு, கை எல்லாம் வெள்ளைப் பஞ்சு. பிய்த்தால் கம்பியாக இழுத்துக்கொண்டு வருகிறது, உடம்பை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"ஓய் துண்டுக்காரரே! போகும்போது மனுசனாத்தாம்வே போனேன். இப்பப் பாரும், நானு கொரங்கா இல்லியான்னு நீரே சொல்லும்!"

பின்னால் வந்த அவர் மனைவி, "சும்மா நில்லுங்க, அனுமாருக்கு வெண்ணெக்காப்பு சாத்துன மாதிரி அம்சமா இருக்கு" என்றாள். எண்ணெய் தேய்த்துவிடுகிற சுடலை கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "அண்ணாச்சி, கொற சொல்லப்படாது, நல்லா ஒட்டுது. தேய்க்க ஒரு கூலி, உரிக்க ஒரு கூலி, எனக்கு யோகந்தான்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

எண்ணெய்! உள்ளூர்க்காரர்களாகிய நாம் போகிற போக்கில் தலையை நனைத்துக்கொண்டு வருகிறவர்கள். மேலெல்லாம் எண்ணெய் வழிய வழியத் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் நுழைவது வெளியூர்க்காரர்கள். அந்த எண்ணெய் வழுக்குகிற பாறையைப் பிறந்ததிலிருந்து மிதித்துப் போன உன் அப்பா, தண்ணீரை மட்டும் சோதித்தார். எண்ணெய் பட்டதும் ரப்பர் இளகிவிட்டது. அவ்வளவுதான். அத்தனை சிரிப்புக்கு நடுவில் நீ மட்டும் சிரிக்கவில்லை. "எண்ணெய்க்கும் ரப்பருக்கும் என்ன பகைப்பா?" என்று கேட்டாய். அவமானத்தில் தலை குனிந்து நின்ற மனிதர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். தனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான் என்கிற பார்வை. எனக்கும் அப்போது நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. மறைக்கவில்லை.

துண்டோடு எல்லாம் முடிந்திருந்தால் இன்று நான் இதை எழுத வேண்டியிருக்காது. முடியவில்லை. அச்சன்புதூரிலிருந்து வண்டியில் நெல் கொண்டு வந்த ஒருவர் கழுத்துப் புண்ணோடு ஒரு மாட்டை ஓட்டி வந்தார். நுகத்தடிக்கு அடியில் துணி சுற்றினால் நூல் பிரிந்து கயிறாகத் திரண்டு அறுக்கிறது, சாக்கு வைத்தால் தோலை ராவுகிறது. உன் அப்பா தடிமனாக ஒரு பட்டை செய்து கொடுத்தார். நூலே இல்லாததால் பிரிய ஒன்றும் இல்லை, அறுக்க ஒன்றும் இல்லை. அடுத்த நடையில் புண் ஆறியிருந்தது. பிறகு ராயகிரி வரையில் இருந்து ஆள் வந்தார்கள். தையல்காரர்கள் காலருக்குள் வைக்க வாங்கினார்கள். செருப்புத் தைக்கிறவர்கள் அடியில் ஒட்ட வாங்கினார்கள். தெருவில் அவருக்கு மரியாதை வந்தது. பின்னறையில் வில் சத்தம் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை நிற்கவில்லை. அவர் தோற்றிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். தோற்றிருந்தால் சன்னலைத் திறந்திருப்பார்.

இருமல் வந்தது அந்தக் காலத்தில்தான். அது வந்த விதத்தைக் கவனமாகப் படி. நம் கடையில் அமாவாசை அன்று வில்லைத் தொடக்கூடாது. மறுநாள் பாட்டிமை, எதையும் தொடங்கக்கூடாத நாள், அன்றும் கடை அடைப்பு. அந்த இரண்டு நாளும் உன் அப்பா நன்றாக இருப்பார், உன்னோடு சிற்றாறு வரை நடந்து போவார். அதற்கு அடுத்த நாள் வேலை தொடங்குவார். அன்று சாயங்காலம், மேற்கே பிறை தெரிகிற நேரத்துக்கு, நெஞ்சு இறுகி, மூச்சு சீட்டியடிக்கும். மறுநாள் கொஞ்சம் குறையும். நிலவு வளர வளரத் தணிந்துவிடும். அடுத்த மாதம் பிறையோடு திரும்ப வரும். இதைப் பார்த்த யாருக்கும் என்ன தோன்றும்? எதிர்வீட்டு முத்தம்மா மதினிதான் பெயர் வைத்தாள். "அண்ணாச்சிக்குப் பிறை ஆகாதுட்டி. அன்னிக்கு மேக்க பாக்க விடாத." பிறை இழுப்பு என்றே தெருவில் பெயராயிற்று. தூதுவளை ரசம் வைத்தேன். கறுப்புக் கயிறு கட்டினேன். பிறை வருகிற நாளில் பொழுது சாய்வதற்கு முன்பே, வேலைக்கு இடையில் அவர் திறந்து வைக்கிற பின்னறை மேற்குக் கதவைச் சாத்தினேன். அந்த அறைக்குக் காற்று வர மிச்சமிருந்த வழி அது ஒன்றுதான். வானத்தில் ஒரு நகக்கீற்று அளவு இருக்கிறதைப் பார்த்து, "என் குடியைக் கெடுக்க வந்தியா?" என்று வாய்விட்டு ஏசியும் இருக்கிறேன். கிரகணம் எப்படி வருகிறது என்று புத்தகத்தில் படித்துத் தெருப் பெண்களுக்கு விளக்கியவள் நான்தான்.

போன கார்த்திகையில் அவரைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனேனே, அந்த டாக்டர் சொன்னதை உனக்கு முழுதாக எழுதவில்லை. காசம் இல்லை என்று மட்டும் எழுதினேன். "இனிமே இது பழையபடி ஆகாதும்மா. இருக்கிறதக் காப்பாத்திக்கணும்" என்பதும் அவர் சொன்னதுதான். இப்போது பிறை, பௌர்ணமி என்றெல்லாம் வித்தியாசம் கிடையாது. எல்லா நாளும் ஒன்றுதான். வாசலில் இருந்து தெருக்குழாய் வரை போக வழியில் உட்கார வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுருட்டிய மெத்தையில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கன்னம் ஒட்டிவிட்டது. நீ போன வருடம் பார்த்த ஆள் இல்லை.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன். உன் அந்த வரியைப் படித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் ஆலைக்கு அமாவாசை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. பிறை எந்தக் கிழமையில் வந்தாலும் உனக்குத் திங்கட்கிழமைதான் இறுக்குகிறது. அப்படியென்றால் பிறைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே கடல் கிடையாது, ஆகவே கடற்காற்றும் இல்லை. ஓய்ந்திருந்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போகிற முதல் நாள், அது ஒன்றுதான் உங்கள் இரண்டு பேருக்கும் பொது. அன்று இரண்டு பேரும் திரும்பிப் போய் நுழைகிற இடத்தில் இருப்பது பஞ்சு. எவ்வளவு எளிதான கணக்கு பார்! விடை வர ஓர் ஆயுள் ஆகியிருக்கிறது. அதுவும் உன் நெஞ்சை வைத்துத்தான் வந்திருக்கிறது.

உள்ளே போனேன். உன் அப்பா நீ அனுப்பிய துண்டை மடியில் விரித்து, விளக்கெண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தொட்டுத் தொட்டு அதில் தேய்த்துக்கொண்டிருந்தார். இழுத்துப் பார்த்தார். இளகவில்லை, ஒட்டவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அந்த முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். "ரப்பர் இல்லட்டி இது. வேற என்னமோ பசை. பய கண்டுபிடிச்சிட்டான் பாரு" என்றார். நான் அந்த வெளிச்சத்தை அணைக்கத்தான் போனேன். பிறை இல்லை, பஞ்சுதான் என்று சொன்னேன். எப்படிக் கண்டேன் என்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவர் துண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாதா?" என்றார்.

"எப்பருந்து?"

"மாட்டுப் பட்டை போட்டோம்லா, அப்பருந்து. மத்தாயி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயி நாலு நாளு அங்கன கெடந்தேன். நடுவுல பிறை வந்துச்சு, ஒண்ணும் செய்யல. இங்கன வந்து வில்லத் தொட்டேன், நெஞ்சு அடச்சிட்டு."

"பெறகு ஏன் பிறைன்னு சொன்னீங்க?"

"நானா சொன்னேன்? தெருவே சொல்லுச்சு, நீயும் சொன்ன. நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன். பஞ்சுன்னு சொன்னா சன்னலத் தொறன்னு உசுர வாங்குவ. தொறந்தா தகடு எப்பிடி விழும்?" மூச்சு வாங்கியது. அது தணிந்ததும், "அவனுக்கு எழுதிராத. பயந்து வந்துருவான். அவன் அங்கனதான் இருக்கணும்" என்றார்.

என் கையால் கயிறு கட்டிக்கொண்டவர், ரசத்தை வாங்கிக் குடித்தவர், மேற்கே பார்க்காதீர்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், அத்தனையையும் தெரிந்தே செய்திருக்கிறார். அவர் என்னை ஏமாற்றினார் என்பதைவிட, அந்தத் தகட்டுக்கு முன்னால் நானும் நீயும் எந்த இடத்தில் இருந்தோம் என்பதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது.

இப்போது உன்னைக் கேட்கிறேன். கடற்காற்று என்று எழுதினாயே, நம்பித்தான் எழுதினாயா? டாக்டர்கள் மூக்கை மூடுகிற துணியை மலை மலையாகச் செய்கிறீர்கள். போன தடவை நீ வந்தபோது, அதில் ஒன்றை நீயும் கட்டிக்கொண்டு வேலை பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "கட்டுனா மூச்சு முட்டும்மா, மேஸ்திரி சிரிப்பாரு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது பிடிபடவில்லை. உனக்கும் தெரியும். அங்கே உன் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆளுக்கொரு பிறையை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தக் கூடத்துப் பொறுப்பு உனக்கு வேண்டாம். வெட்டுகிற இடமோ, அடுக்கிக் கட்டுகிற இடமோ, வேறு எதையாவது கேள். தராவிட்டால் வந்துவிடு. இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பாய். ஒன்றும் இல்லை. கடையை அடைத்தாயிற்று. மாட்டுக்குப் பட்டை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். உனக்கு இந்த ஊரில் என்ன வேலை கிடைக்கும் என்றும் எனக்குத் தெரியாது. காற்று இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். இதை நம்பி நீ வருவாய் என்று எண்ணி எழுதவில்லை. நீ எனக்குப் பிறந்தவன் என்றாலும் அவருக்கு வளர்ந்தவன். அன்றைக்குக் குற்றாலத்தில் அவர் உன்னைப் பார்த்த பார்வைக்கு ஈடாக என்னிடம் கொடுக்க எதுவும் இருந்ததில்லை. தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தாள் என்று நாளைக்கு என்னை நானே பழிக்கும்படி ஆகிவிடக்கூடாது, அதற்காக எழுதினேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து குரல் கொடுக்கிறார். குரலை உயர்த்தினால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் அவரால் இப்போது சொல்ல முடிவதில்லை.

"நல்லா... இருக்கேன்னு... எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"வேலைய... விட்டுராதன்னு?"

"அதையும் எழுதிட்டேன்."

பார்த்துக்கொள், எழுதிவிட்டேன். உன் அப்பா நன்றாக இருக்கிறார். வேலையை விட்டுவிடாதே என்கிறார். உன் பதிலும் எனக்குத் தெரியும். நீயும் நன்றாக இருப்பதாகத்தான் எழுதுவாய்.

உன்
அம்மா